பல்பை எரியவிட்டுத் தருகிறார்கள், டி.வி.யை ஏன் தருவதில்லை?

சென்னையில் எந்தத் தெருவில் உள்ள எலெக்ட்ரிக் கடைக்குப் போனாலும் சரி, பல்பு கேட்டால் ஹோல்டரில் மாட்டி, "எரியுது, பாத்துக்குங்க" என்று காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்கள். நூறு ரூபாய் சாமானுக்கு அவ்வளவு மரியாதை!

40 ஆயிரம் ரூபாய் டி.வி.க்கு அந்த மரியாதை இல்லை. "சீல்கூடப் பிரிக்கலை சார், புத்தம் புது பீஸ்" என்று பெருமையாக அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது எப்படி என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

சுவரில் ஓடுவது வேறு!

கடைச் சுவரில் ஓடும் டி.வி.யைப் பார்த்து மயங்கித்தான் பலர் பணத்தை எடுக்கிறார்கள். அது காட்சிக்கு வைத்தது. வீட்டுக்கு வரப்போவது கிடங்கில் உள்ள வேறொன்று. சுவரில் பூ, மீன், கிளி என்று கலர் கலராக ஓடும். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள். வெறும் கறுப்புத் திரையை மட்டும் காட்டமாட்டார்கள். பல குறைகள் தெரிவது அதில்தான்.

4கே திரையில் 82,94,400 புள்ளிகள். சாதாரண எல்.இ.டி. டி.வி.யில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள். ஆக, சுமார் இரண்டரைக் கோடி. ஒரு புள்ளி செத்தால் கறுப்பாக நிற்கும். ஒரு துண்டு அணையாமல் நின்றுவிட்டால் இருட்டுக் காட்சியில் பச்சையோ சிவப்போ மினுக்கும். "ஒரு புள்ளிதானே?" என்பார்கள். எந்தப் படம் போட்டாலும் கதாநாயகி கன்னத்தில் அதே மச்சம் உட்கார்ந்திருந்தால் தெரியும்!

ஓரத்தில் ஒளி கசிவது இன்னொரு தொல்லை. கடையின் டியூப் லைட்டில் அது தெரியாது. வீட்டில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போதுதான் பல்லை இளிக்கும். கொஞ்சம் கசிவு பெரும்பாலான எல்.இ.டி. டி.வி.யில் உண்டு, அதற்காகச் சண்டை போடுவது நியாயமில்லை. ஒரு மூலையில் மட்டும் டார்ச் அடித்ததுபோல் இருந்தால் விடக்கூடாது. கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போது பச்சை மைதானம் திட்டுத்திட்டாக அழுக்குப் படிந்ததுபோல் தெரிந்தாலும் அப்படித்தான்.

16 புள்ளி செத்தாலும் 'நல்ல' திரை

2001-ல் கம்ப்யூட்டர் திரைகளுக்கு ஒரு சர்வதேசத் தரம் வந்தது. அதன் முதல் வகுப்பில் ஒரு குறைகூடக் கூடாது என்றிருந்தது. இரண்டாம் வகுப்பில் 10 லட்சம் புள்ளிக்கு இரண்டு செத்தவை இருக்கலாம் என்றிருந்தது. அந்தக் கணக்கை 4கே திரைக்குப் போட்டால் 16 புள்ளி செத்தாலும் அது 'நல்ல' திரைதான்! டி.வி. கம்பெனிகளிலும் இத்தனை புள்ளி வரை குறையே அல்ல என்று கணக்கு வைத்திருப்பவை உண்டு. வைத்துக்கொள்ளட்டும். பணம் வாங்கும் முன்பு அதைச் சொல்ல வேண்டாமா?

"பிரிச்சுப் பாத்துட்டு ஒருத்தர் வேணாம்னு போயிட்டா, அடுத்தவர் அதை எடுக்கமாட்டாரே!" இது கடைக்காரர் தரப்பு. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நஷ்டம் கடைக்கும் கம்பெனிக்கும் நடுவே தீர வேண்டியது. மாதச் சம்பளக்காரர் தலையில் கட்டுவது என்ன வியாபாரம்? கொடுக்கப்போகும் டி.வி.யையே பத்து நிமிஷம் எரியவிட்டுக் காட்டிய பிறகுதான் பில் போட வேண்டும்.

"கம்பெனி ஆள்தான் பிரிக்கணும், இல்லாட்டி வாரண்டி போயிடும்" என்றால், அவர் பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி விரிசலுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. ஆட்டோவில் படுக்கப்போட்டு வந்ததில் விரிந்ததா, முன்பே விரிந்ததா என்ற வழக்கு அங்கேயே தீரும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைப் பென் டிரைவில் வைத்திருந்து, அறை விளக்கை அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். முதலில் மெல்லிய துணியால் திரையைத் துடைக்க வேண்டும். தூசியும் செத்த புள்ளி போலவே தெரியும். அதற்குள், "ஓ.டி.பி. சொல்லுங்க சார், அடுத்த வீட்டுக்குப் போகணும்" என்று அவசரப்படுத்துவார். பார்த்து முடிக்கும்வரை சொல்லவேண்டியதில்லை.

'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் சட்டம் அழிந்துவிடாது. 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். "பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன்" என்பவரிடம் வாங்கியவருக்கு இந்தக் கதவைத் தட்டுவதே கஷ்டம்.