பொதிகையின் உச்சி

மலையைக் கண்டு மகிழாத மனம் இல்லை. கண்டவர் உள்ளத்தில் அதன் உச்சியை அடைய வேண்டும் என்னும் வேட்கை எழுதலும் இயல்பே. ஆயினும், உச்சியை எவ்வாறு அடைதல் வேண்டும் என்பதே நாம் எண்ணத்தக்கது.

பொதிகை மலையை எடுத்துக்கொள்வோம். சங்க நூல்கள் பொதியில் எனக் குறிக்கும் மலை இது. அகத்திய முனிவர் வாழ்ந்த இடம் என்னும் நம்பிக்கையால் அகத்தியமலை எனவும் வழங்கும். தமிழகமும் கேரளமும் எல்லை கொள்ளும் இடத்தில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உச்சிவரை செல்லும் சாலை இதற்கு இல்லை. மலையேறுவோர் கேரளத்துப் போனக்காட்டிலிருந்து நடக்கின்றனர். முதல் நாள் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சியை அடைகின்றனர். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே, நாளொன்றுக்கு வரையறுத்த தொகையினரையே, வனத்துறை வழிகாட்டிகளுடன் அனுப்புகிறது.

“இத்தனைக் கட்டுப்பாடு எதற்கு? சாலை அமைத்தால் முதியோரும் கண்டு மகிழலாமே!” என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. அத்தகையோர்க்கென நீலகிரியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிற்குச் சாலை இருக்கிறது. ஒவ்வொரு மலைக்கும் அவ்வாறே வேண்டும் என்பது பொருந்தாது.

ஏன்? பொதிகைத் தொடரிலேதான் தாமிரபரணி பிறக்கிறது. இம்மலைக் காடுகள் மழைநீரை உடனே ஓடவிடுவதில்லை. வேரும் சருகும் மண்ணும் அதனை உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகின்றன. நெல்லைச் சீமையின் வயல்கள் விளைவதும், தூத்துக்குடி மக்கள் நீர் பருகுவதும் அதனாலேயாம். இப்பகுதியில் உயர்வகைத் தாவரங்கள் மட்டும் 2,254 வகை உண்டு; அவற்றுள் ஏறக்குறைய 400 வகை இந்நிலத்திற்கே உரியவை. 2001இல் உயிர்க்கோளக் காப்பகமான இப்பகுதியை, 2016இல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்தது. இத்தகைய காட்டைப் பிளந்து சாலை இடுவது, ஒரு நாள் இன்பத்திற்காக ஊருணியைத் தூர்ப்பதை ஒக்கும்.

கட்டுப்பாடு காட்டை மட்டுமன்றி நம்மையும் காக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றவர்களுள் இருபதின்மருக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். கோடையில் உலர்ந்த புல்வெளியில் தீ காற்றினும் கடுகிப் பரவும். காலம் அறிந்து செல்க, வழி அறிந்தாரோடு செல்க என்பது கோழைத்தனம் அன்று, அறிவுடைமையே ஆகும்.

மேலும், நடந்து செல்வோன் பெறும் பயனை ஊர்தியிற் செல்வோன் பெறுவதில்லை. அடர்ந்த மழைக்காடு, சலசலக்கும் ஓடை, காற்றில் அலையெறியும் புல்வெளி, முடிவில் கயிறு பற்றி ஏறும் வெறும்பாறை என, மலை மாறிமாறித் தோன்றும் முறையை அவன் காலால் கற்கிறான். தளர்ந்தவனுக்குக் கைகொடுக்கவும், தன் நீரைப் பிறர்க்குப் பகிரவும் அவ்வழியே அவனைப் பழக்குகிறது.

மாணவர்களே! நீங்களும் மலையேறுங்கள். இசைவு பெற்றுச் செல்லுங்கள், வழிகாட்டியின் சொல்லைக் கேளுங்கள், தீ மூட்டாதீர்கள், கொண்டு சென்ற பொருளில் ஒரு துண்டுத் தாளையும் அங்கே விடாது கொண்டு வாருங்கள். நாளை ஏறுவோர்க்கும் அவ்வோடை தெளிந்தே ஓடல் வேண்டும்.