புறம்போக்குக் காற்று

போன செவ்வாய்க்கிழமை கறம்பக்குடிக் கடைவீதியில் கேட்ட ஒரு சொல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தங்கை மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். பாடமெல்லாம் இணையத்தில்தான். வீட்டில் இருப்பது பழைய மேசைக் கணினி. அதில் வைஃபை கிடையாது. ரவுட்டர் முன் ஹாலில், கணினி பின்கட்டு அறையில், நடுவே இரண்டு சுவர். “கேபிள் இழுத்தா அம்மா திட்டுவாங்க மாமா. நல்ல வைஃபை கார்டா ஒண்ணு பாத்து வாங்கிக் குடுங்க” என்றாள். கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி நான்கைந்து பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெரிதாக ஓர் எண். எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த எண்களின் மேல்தான். ஏஎக்ஸ்3000 என்று போட்டிருந்தால், 3000 எம்பிபிஎஸ் வேகம் வரும் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடைக்கக்கூடிய 2402, 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 574 இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். கணினி ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் பேசும். இரண்டு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டிச் சொல்லி ஒரு பேருந்துக்குச் சீட்டு விற்பது என்ன நியாயம்? தங்கை வீட்டுக்குள் வரும் இணைப்பே 100 எம்பிபிஎஸ்தான்.

பெட்டியின் நெற்றியைப் பார்க்காமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. மதர்போர்டில் சிறிய பிசிஐஇ துளை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யுஎஸ்பியில் செருகும் குட்டி டாங்கிளைவிட உள்ளே பொருத்தும் கார்டு நிலையானது. இன்டெல் ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டு இன்டெல், ஏஎம்டி இரண்டு வகை போர்டிலும் ஓடும். பெயரில் ஓர் எண் மட்டும் கூடிய ஏஎக்ஸ்211 அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும். கார்டோடு வரும் மெல்லிய வயரை போர்டின் யுஎஸ்பி முனையில் செருகாவிட்டால் புளூடூத் வேலை செய்யாது. எல்லாவற்றையும்விட ஆன்டெனா முக்கியம். கார்டின் முதுகிலேயே முளைத்திருக்கும் ஆன்டெனா, இரும்புச் சிபியு பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வயர் நீட்டி மேசைமேல் வைக்கும் காந்த அடி ஆன்டெனா உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, “இது 2.4லயும் ஓடும்ல?” என்று கேட்டபோதுதான் அந்தத் தம்பி சொன்னார்: “ஓடும் சார். ஆனா அதுல போட்டா இழுக்கும். லைசென்ஸே இல்லாத பேண்டு, புறம்போக்கு மாதிரி. யார் வேணா பூந்துக்கலாம்ல.”

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லில் எனக்குள்ள ஆற்றாமை தெரியும். ஊருணி பற்றி எழுதியபோதும், மந்தைவெளி பற்றி எழுதியபோதும் சொன்னேன். இன்னும் சொல்வேன். வரிக்கணக்குக்குப் புறத்தே நிறுத்திய நிலம் புறம்போக்கு. ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. ஏன்? அது எல்லோருக்கும் வேண்டும் என்பதால். கண்மாய்ப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. நீர் நிற்க, மாடு மேய, வண்டி போக, நெல் காய. அந்த நிலங்களை வளைக்காமல் காக்கச் சென்னை மாகாணத்திலேயே 1905இல் சட்டம் வந்தது. ஏரிகளுக்கென்று 2007இல் தனியாக இன்னொன்று வந்தது. இத்தனைக்கும் பிறகு நாம் செய்தது, அந்தச் சொல்லையே வசைச்சொல் ஆக்கியதுதான். கேட்பாரற்றவன், உதவாதவன் என்ற பொருளில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம். சொல் கெட்டது. நிலத்தை வளைப்பது பிறகு எளிதாகிவிட்டது.

காற்றுக்கும் ஒரு காலத்தில் பட்டா இருந்தது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டியைக் கையில் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அப்பா தபால் ஆபீசுக்குப் போய் வருடாவருடம் ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்து வருவார். எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரித் தெளிவாகக் கேட்கும். கடல் தாண்டி வரும் பாட்டைக் கேட்கவும் இங்கே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டு வானொலிக்கான உரிமம் ஒழிந்தது 1980களின் நடுவில்தான்.

பிறகு காற்றில் ஒரு பகுதியைப் பொதுவாக விட்டார்கள். 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமம் தேவையில்லாததாக ஆனது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்தது. அடுத்த மாதம் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் வந்து எங்கள் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்ததால், அந்தச் செய்தியெல்லாம் எங்கள் காதில் விழ நேரமில்லை. 2025 மே மாதத்தில் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸைப் பொதுவாக்க மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. அமெரிக்காவில் 2020இலேயே 1200 மெகாஹெர்ட்ஸ் பொதுவாகிவிட்டது. ஏலத்தில் விற்றால் பெரும்பணம் கிடைக்கக்கூடிய காற்று இது. அதில் ஒரு பகுதியை விற்காமல் மக்களுக்கென்று விட்டு வைப்பதைத்தான் நம் முன்னோர் புறம்போக்கு என்றார்கள்.

யார் வேண்டுமானாலும் புகலாம் என்றால் ஒழுங்கே இல்லை என்று அர்த்தமா? கண்மாய் நீரை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டார்களா? நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். எந்த மடை எப்போது திறக்கும், யார் வயலுக்கு எந்த முறை என்பது அவர் கையில். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். வைஃபையும் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் காற்றைக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும், ஓய்ந்ததும் இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் வாய் திறக்கும். எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதற்கும் விதி உண்டு. வைஃபை 6 வந்தபோது, ஒரே அலைவரிசையைச் சிறு மடைகளாகப் பிரித்துப் பலருக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்சும் முறையும் சேர்ந்தது. புதுக் கார்டு வாங்குவதில் உள்ள உண்மையான பயன் இதுதான். அடுத்தவரோடு பகிர்ந்துகொள்ளும் முறையை அது பழைய கார்டைவிட நன்றாக அறிந்தது.

வளைப்பவர்களும் இங்கே உண்டு. பெட்டியில் பார்த்த அந்த 574க்கு 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மொத்தமே 83.5தான், ஒரு வீடே ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டால் தெருவில் மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஒன்றோடொன்று மோதாத 20 மெகாஹெர்ட்ஸ் பாதைகள் அங்கே மூன்றுதான்: 1, 6, 11. பழைய கைபேசிகளுக்கும், நாலு சுவர் தாண்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றுதான் கதி. சுவரைத் தாண்டுவதில் 5ஐவிட 2.4 வல்லது.

பொதுவைக் காப்பவர்களும் உண்டு. பேராவூரணி பெரியகுளம் நினைவுக்கு வருகிறது. கஜாவுக்குப் பிறகு 2019இல் சுற்றுவட்டார இளைஞர்கள் சங்கமாகக் கூடி அதைத் தூர்வாரினார்கள். தென்னை இழந்து நின்ற நேரம் அது. சொந்தத் தோப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பொதுக்குளத்தில் இறங்கினார்கள். குளம் நிரம்பினால்தான் தோப்பு பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கார்டை மாட்டினோம். ஆன்டெனாவைப் பின்கட்டு அலமாரியின் மேல், வாசற்படிக்கு நேராக வைத்தோம். இரண்டு சுவர் இருந்தும் 5 கிகாஹெர்ட்ஸ் வந்து சேர்ந்தது. பிறகு ரவுட்டர் அமைப்புக்குள் போய் 2.4இன் அகலத்தை 40இலிருந்து 20ஆகக் குறைக்கச் சொன்னேன்.

“நம்ம ஸ்பீடு குறையாதா மாமா?”

“நாமதான் 5க்குப் போயிட்டோமே. அத அடுத்த வீட்டுக்கு விடு.”

கொஞ்சம் யோசித்துவிட்டு 20ஐ அழுத்தினாள். அந்தக் கடைத் தம்பியை அடுத்த முறை பார்க்கும்போது சொல்லப்போகிறேன்: நீங்கள் சொன்ன சொல் சரிதான் தம்பி, அது புறம்போக்குதான். அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள்.