ஸ்னோப் படமும் சொல்லாத குளிரும்

மார்கழி பிறந்தால் போதும், ஸ்கார்பரோவிலிருந்து ஸ்னோப் படங்கள் வரத் தொடங்கிவிடும். இங்க மாமிமார் பார்த்திட்டு "என்ன வடிவு" எண்டுவினம். அடுத்த கேள்வி, "எப்ப காசு அனுப்புறாய்?"

எங்களில பாதிப்பேர் இப்ப அங்கதான். அவையளும் சேர்ந்துதான் இதை எழுதுறம். "குளிர் பழகீடும்" என்று ஊரில் சொல்வது பொய். உடுப்பை அடுக்கடுக்காப் போடத்தான் பழகும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 28 ஆக உறைக்கிற நாளில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துபோகலாம். இரவு வேலை முடிந்தவன் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமும் அவ்வளவுதான். டிசம்பரில் மாலை 4.45 அளவில பொழுது பட்டிடும். பேஸ்மென்ட் அறையில இருக்கிறவளுக்கு வெயில் எண்டது லீவு நாள் சமாச்சாரம். எங்கட கறுத்த தோலுக்கு விற்றமின் டி கிடைக்கக் கூடுதல் வெயில் வேணும். அங்கத்தைய குளிர்காலச் சூரியன் அதுக்குக் காணாது. (ரோட்டுக்குக் கொட்டுற உப்பு சப்பாத்தைத் தின்னுறது வேற கதை.)

விசா எடுத்துத் தாற ஏஜென்ட் இதுகளைச் சொல்லமாட்டார். ஆனால் படம் போடுற நீங்கள் ஏன் சொல்லுறியள் இல்லை? காணியை ஈடுவைத்து அனுப்பின அம்மாவிட்ட "அழுகையா வருது" எண்டு சொல்லேலாது, விளங்குது. வெளிக்கிட நிக்கிற தம்பி தங்கச்சிக்காவது சொல்லலாமே. ஊரில இருக்கிற நாங்களும் காசைக் கேக்கமுதல் "நல்ல ஜக்கெட் வாங்கிட்டியா?" எண்டு கேப்பம். முதல் சம்பளத்தில பாதி அதுக்கே போகுதெண்டால் போகட்டும். சீட்டுக்காசு ஒரு மாசம் பிந்தினா ஒருத்தரும் சாகமாட்டினம்.