குதிரைக்குக் குளிர்காலம் வேண்டும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டார்ட்மூர் மேட்டுநிலத்தின் அடிவாரத்தில், ஒரு ஜனவரி மாதத்துக் காலையில், வேலியோரமாக நின்றுகொண்டிருந்த மட்டக்குதிரை ஒன்றின் விலாவில் உள்ளங்கையை வைத்து, ரோமத்துக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்க்கும்படி அதை வளர்க்கும் அம்மையார் என்னிடம் சொன்னார்கள். பனிக்காலத்து ரோமம் கம்பளியைப் போல அடர்ந்து வளர்ந்திருந்தபடியால், அந்தப் பிராணி கொழுத்திருக்கிறதா இளைத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலவில்லை. விரல்களை அழுத்தி முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தும், திண்டைத் தடவுவது போலிருந்ததே தவிர, விலா எலும்பு ஒன்றுகூட அகப்படவில்லை. பிடரியின் மேல்விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் அசைக்க முடியாதபடி அது கெட்டியாகத் திரண்டிருந்தது. சென்ற வசந்தத்தில் இதே குதிரை, முன்னங்கால்களை எட்ட நீட்டி, உடற்பாரம் முழுவதையும் பின்னங்கால்களில் சாய்த்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்கவும் அஞ்சி நின்ற நாளைப் பற்றிச் சொல்லும்போது அவர்களுடைய குரல் தழுதழுத்தது. அந்தத் துன்பத்துக்குத் தங்களுடைய வாஞ்சையே காரணமாயிற்று என்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

லாமினைட்டிஸ் என்று கால்நடை வைத்தியர்கள் வழங்கும் அந்த நோய் குளம்பின் உள்ளே நிகழ்வது. குளம்புச் சுவருக்கும் அதனுள்ளிருக்கும் பாத எலும்புக்கும் நடுவில், ஏட்டோடு ஏடு கோத்தாற்போலச் செறிந்திருக்கும் மெல்லிய மடிப்புகளே அவ்வளவு பெரிய தேகத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. அவை பலமிழந்து நெகிழ்ந்தால், எலும்பு தன் நிலையிலிருந்து பிசகிச் சுழலவோ கீழே இறங்கவோ தொடங்கும். வேதனை முற்றிய சில குதிரைகளை, வேறு வழியின்றி, கருணையினாலேயே கொல்ல நேர்கிறது. மேய்ச்சல் குதிரைகளுக்கு வரும் இந்நோயில் பெரும்பகுதிக்கு இரத்தத்தில் இன்சுலின் கட்டுமீறிப் பெருகுவதே மூலம் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நம் நாட்டாருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. உண்பது மிகுந்து உழைப்புக் குறைந்த தேகம் மனிதனுடையதானாலும் குதிரையினுடையதானாலும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் சீர்கெடுகிறது.

ஷெட்லாந்து, டார்ட்மூர், எக்ஸ்மூர், வேல்ஸ் மலைநாடு ஆகிய இடங்களில் தோன்றிய இம்மட்டக்குதிரைகள் யாவும் வறுமையில் வளர்ந்த ஜாதிகள். கோடையில் கிடைத்ததைத் தின்று கொழுப்பாகச் சேமித்து, பனியும் ஈரக்காற்றும் அடிக்கும் ஐந்தாறு மாதங்களில் அந்தச் சேமிப்பைச் செலவழித்து, வசந்தம் பிறக்கும்போது விலா தெரிய நிற்பதே அவற்றின் ஸ்வபாவம். இளைப்பதும் கொழுப்பதும் ஆண்டுதோறும் மாறி மாறி வரவேண்டிய இரண்டு பாதிகள். ஒரு பாதியை மட்டும் அறுத்தெறிந்துவிட்டால் மற்றப் பாதி விஷமாகிறது. இன்றைக்கு நடப்பது அதுதான். கறவை மாட்டின் பால் பெருகுவதற்காகத் தேர்ந்து விதைக்கப்பட்ட ரை புல்லின் நடுவில் இந்த ஏழைவீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு நிறுத்தி, குளிர் தட்டியவுடன் முதுகில் கனத்த போர்வையைப் போர்த்தி, மாலையில் வாளி நிறையத் தானியமும் வைத்தால், செலவாக வேண்டிய கொழுப்பு எப்படிச் செலவாகும்? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெளியில் வாழும் 96 குதிரைகளைச் சோதித்தபோது, கோடையில் நூற்றுக்கு 35 அளவுகடந்து கொழுத்திருந்தன. இளைத்திருக்க வேண்டிய குளிர்கால இறுதியிலும் அந்தக் கணக்கு 27-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த இரண்டாவது எண்தான் என்னைத் திடுக்கிட வைத்தது.

ஆகையால், குதிரைக்கு நேரும் குளிர்காலத்தை அதன் யஜமானர் திருடிக்கொள்ளலாகாது என்பதே என் கட்சி. நன்றாக ரோமம் வளர்ந்த ஆரோக்கியமான குதிரைக்கு, மிதமான சீதோஷ்ணத்தில் பழகியதானாலும், ஏறக்குறைய 5 டிகிரி வரையில் உடற்சூட்டைக் காக்கப் பிரத்தியேக முயற்சி தேவைப்படுவதில்லை. கடுங்குளிரில் பழகியது அதற்கும் வெகு கீழே தாங்குகிறது. அதன் பெருங்குடலில் நார்த்தீவனம் நொதிக்கும்போது பிறக்கும் வெப்பமே உள்ளிருந்து எரியும் அடுப்பாக உதவுகிறது. கிழப்பருவம் எய்தியது, நோயுற்றது, ரோமம் கத்தரிக்கப்பட்டது ஆகியவற்றின் விஷயம் வேறு. மற்றவற்றுக்கு, மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க ஒரு மறைப்பு இருந்தால் போதும். நாம் நடுங்குகிறோம் என்பதற்காக அதற்குப் போர்வை போர்த்துவது நம்முடைய குளிரைத் தீர்க்குமே அல்லாமல் அதற்கு நன்மை தராது.

ஊட்டுவதையே அன்பின் லட்சணமாகக் கொண்ட நமக்கு இந்த உபதேசம் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் குதிரை விஷயத்தில் நம் நாட்டுச் சரித்திரமே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் கடல் வழியாக 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கில்லை என்றும் எழுதி வைத்தார். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாபோ, பச்சைப் பார்லிக்குப் பதிலாக அதை வறுத்தும், தானியத்தை நெய் சேர்த்துப் பக்குவம் செய்தும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்கிறார். இவர்கள் சொல்லும் கணக்கில் மிகை இருக்கலாம். சீதோஷ்ணமும் லாடம் அடிப்பவர் இன்மையும் அதில் பங்கு கொண்டிருக்கும். எனினும், பொன்னைக் கொட்டி வாங்கிய பிராணிக்குத் தங்கள் வீட்டு விருந்தையே பரிமாறியவர்களை நினைக்கும்போது, டார்ட்மூர் அடிவாரத்தில் வாளியோடு லாயத்துக்கு நடந்த அம்மையாரும் அவர்களுக்கு உறவினராகவே எனக்குத் தோன்றுகிறார்கள்.

மேய்ச்சலைக் குறைப்பதென்று தீர்மானித்தவர்களும் இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. குளிர்காலத்துப் புல் சாரமற்றது என்று நம்பி, இரவில் அடைத்த குதிரையை விடிந்ததும் உறைபனி மினுங்கும் புல்வெளியில் அவிழ்த்துவிடுகிறார்கள். மண்ணின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை புல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மிதமான குளிர்காலங்களில் அது நிற்பதே இல்லை. கடுங்குளிரும் பளிச்சென்ற வெயிலும் சேர்ந்து வரும் நாட்களிலோ, இலை வெயிலைக் கொண்டு சர்க்கரையைச் சமைத்துக்கொண்டே இருக்க, குளிரோ அதை வளர்ச்சிக்குச் செலவிடவிடாமல் தடுக்கிறது. எஞ்சிய சர்க்கரை ஃபிரக்டன் என்னும் வடிவில் தண்டில் தங்கிவிடுகிறது. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அந்தக் காலைதான், ஆபத்துள்ள குதிரைக்கு மிகக் கொடிய காலை. பகலில் சில நாழிகை மட்டும் அவிழ்த்துவிட்டால் போதுமென்பதும் சரியன்று. மூன்று மணி நேரமே மேய விட்ட மட்டக்குதிரைகள், காலம் குறைவென்று அறிந்தாற்போல் அவசரமாக மென்று, அன்றாட ஆகாரத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரை அதற்குள் தின்றுவிட்டதைச் சோதித்தே அறிந்திருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்றால், அந்த அம்மையார் இப்போது கைக்கொண்டிருக்கும் முறை எனக்கு விவேகமாகப் படுகிறது. கோடை முதல் மேயவிடாது முற்றவிட்ட புல்லை மின்கம்பி நாடாவால் தடுத்து, நாளுக்கு ஒன்றிரண்டு அடி மட்டும் நாடாவை நகர்த்தி, குறுகிய கீற்றாக மேயவிடுகிறார்கள். உறைபனி நாட்களில் அதையும் நிறுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை கரைந்த உலர்புல்லை, சிறு கண்ணுள்ள வலைப்பைகளில் இட்டு, வெவ்வேறு மூலைகளில் தொங்கவிடுகிறார்கள். அந்த உலர்புல்லில் ஒரு பங்குக்குப் பார்லி வைக்கோலையும் கலக்கிறார்கள். எடின்பரோவில் 40 மட்டக்குதிரைகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், வெளியில் வாழ்ந்துகொண்டே பாதி வைக்கோலும் பாதி உலர்புல்லும் தின்றவை நன்கு இளைத்தன. வைக்கோலைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். பல் கெட்டவற்றுக்கு அது குடலடைப்பில் கொண்டுபோய்விடும்.

இதைப் படித்துவிட்டு எவரேனும் குதிரையைப் பட்டினி போடத் துணிவாராயின், அது பெருந்தீங்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆகாரத்தைத் திடீரென நிறுத்தினால், கொழுத்த மட்டக்குதிரையின் கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாகப் பாய்ந்து ஈரலைக் கெடுத்து உயிரையே மாய்க்கும். கழுதைக்கும் ஷெட்லாந்துக் குட்டைக்கும் அந்த அபாயம் அதிகம். 250 கிலோ எடையுள்ளது இளைக்க வேண்டுமானால், எடையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம், ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோ உலர்தீவனம் நாள்தோறும் வேண்டும்; அதற்கும் குறைப்பது கால்நடை வைத்தியரின் மேற்பார்வையில்தான். ஆதலின் தராசு வேண்டும். பிடிப்பிடியாக அள்ளி வைக்கும் கையை விட, நிறுத்து வைக்கும் கையையே நான் நம்புவேன்.

இன்னொரு வார்த்தை, போட்டிக் களங்களில் பரிசளிக்கும் நடுவர்களுக்கு. உருண்டு திரண்ட குதிரைக்கு முதற்பரிசு தரும் சம்பிரதாயம் தொடரும்வரை, இளைத்த குதிரையோடு வரும் யஜமானரை ஊரார் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். அந்தக் கண்களுக்கு அஞ்சியே எத்தனையோ வாளிகள் நிறைகின்றன.

நான் விடைபெறும்போது பத்து மணி இருக்கும். வெயில் ஏறிப் பனி உருகிய பின்னரே அம்மையார் நாடாவின் கொம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓர் அடி தள்ளி ஊன்றினார்கள். குதிரை அவசரமின்றி வந்து, முற்றிய பழுப்புத் தண்டுகளைக் கடித்து மெல்லத் தொடங்கியது. நாடாவுக்கு அப்பால் நின்ற புல்லை அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது, அம்மையாரும் பார்த்தார்கள், பிறகு சட்டைப்பையிலிருந்து சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அளவு நாடாவை அதன் மார்பைச் சுற்றிப் பிடித்து, அந்த வாரத்து அளவை எழுதிக்கொண்டார்கள். சென்ற மாதத்தைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.