அழகுப் பையும் ஆறு பேர் கணக்கும்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், பகலுணவு முடித்துச் சற்றே சாய்ந்திருந்த வேளையில், பழைய மாணவி ஒருத்தி என் இல்லம் தேடி வந்தாள். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும், பல்கலைக்கழக அனுமதிக்குச் சில புள்ளிகள் போதாமையால் வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளை. தாயார் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால் வெட்டுபவர். நலம் விசாரித்துத் தேநீர் அருந்தி முடியுமுன்னரே, அவள் கொணர்ந்த பெரிய பை திறக்கப்பட்டது. சவர்க்காரம், உதட்டுச்சாயம், வாசனைத்தூள் என வரிசையாக வெளிவந்தன. இறுதியாக, ஏழே நாளில் மேனி வெளுக்கும் என்று பொன்னெழுத்திற் பொறித்த ஒரு சிறு டப்பி.

“விற்பது பெரிதில்லை, சேர். மிஸ்ஸும் நீங்களும் சேர்ந்து, உங்களுக்குக் கீழே ஆறு பேரைச் சேர்த்தாற் போதும். பிறகு வருமானம் தானாகவே வரும்” என்றாள்.

இந்தப் பையைப் பெற அவள் நிறுவனத்துக்குச் செலுத்தியது 25,000 ரூபா. தாயாரின் தோட்டை அடகு வைத்துப் பெற்ற பணம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கிற் பார்த்தாலும் ஏறக்குறையப் பத்தொன்பது நாள் விடியற்காலையில் மரம் மரமாய்ச் சென்று பால் வெட்டிய உழைப்பு அது.

யான் அறிவுரை ஏதும் கூறவில்லை. ஒரு தாளை எடுத்து, பெருக்கல் விருத்தி நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவளே எழுதினாள்: 6, 36, 216, 1,296. ஆறாம் படியில் 46,656. ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டிற்று. பத்தாம் படியில் ஆறு கோடிக்கு மேல்! இலங்கைத் தீவின் மக்கள் அனைவரும், தொட்டிற் குழந்தை உட்பட, இரண்டே கால் கோடிக்கு உட்பட்டவர்களே. எழுதுகோல் நின்றுவிட்டது. எந்தப் படியில் நிறுத்திப் பார்த்தாலும், தமக்குக் கீழே ஒருவரும் இல்லாத கடைசி வரிசையினரே மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கினர் என்பதையும் அவளே கண்டுகொண்டாள். (வகுப்பில் இதே விருத்தியை எத்தனை முறை கற்பித்திருப்பேன்! அப்பொழுதெல்லாம் உதாரணத்துக்குச் சதுரங்கப் பலகையும் நெல்மணியுந்தான் வாய்த்தன.)

வீடுவீடாகச் சென்று விற்பதே இழிவென்று யான் கூற வரவில்லை. 1886ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் டேவிட் மக்கொனல் என்னும் புத்தக விற்பனையாளர், நூல்களோடு இலவசமாக அளித்த வாசனைத் திரவியத்துக்கே மக்கள் ஆசைப்படுவதைக் கண்டு, அதனையே வாணிபமாக்கினார். பின்னாளில் ஏவன் எனப் பெயர்பெற்ற நிறுவனம் அதுவே. அமெரிக்கப் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை உறுதியான 1920ஆம் ஆண்டுக்கு முன்னரே, எத்தனையோ மாதர் அதன்மூலம் சொந்தப் பணம் ஈட்டினர். பொருளை விற்று வரும் ஊதியம் வேறு. ஆளைச் சேர்த்து வரும் ஊதியம் வேறு. பின்னதே பிரதானமாகும்போது அது கூம்பகத் திட்டமாகிறது. நமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட 83சி பிரிவு அதனைத் தடைசெய்கிறது. தொடங்குவது மட்டுமன்று, ஊக்குவிப்பதும் குற்றமே. ஆகவே, ஏமாற்றப்பட்ட பிள்ளையே சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியாகவும் கூடும்.

இனி அந்த டப்பிக்கு வருவோம். செய்தவர் முகவரி இல்லை. இறக்குமதியாளர் பெயர் இல்லை. உட்பொருள் இன்னதென்ற குறிப்பும் இல்லை. இதில் நஞ்சுண்டென்று யான் சாதிக்கவில்லை. இல்லையென்று சொல்ல அவளாலும் இயலவில்லை என்பதே விடயம். தோலை விரைவில் வெளுக்கச் செய்யும் மலிவான சரக்கு பாதரச உப்பு. தோலுக்குக் கருமை தரும் நிறப்பொருள் உண்டாவதை அது தடுக்கும். தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். பூசியவரின் கன்னத்தில் முத்தமிடும் குழந்தையையும் அது விட்டுவைப்பதில்லை. 2013ஆம் ஆண்டு உருவான மினமாட்டா உடன்படிக்கை, கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற் பாதரசம் உள்ள ஒப்பனைப் பொருட்களை 2020க்குள் ஒழிக்கக் கோரியது. 2023இல் அந்த ஒரு மில்லிகிராம் விலக்கையும் நீக்கியது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடே.

ஆயுர்வேதத்தாற் புகழ்பெற்ற கேரளத்துக் கோட்டக்கல்லிலே 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரிற் புரதம் கழியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் ஓர் அபூர்வ வகை காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் வெண்மைப் பூச்சுப் பூசியவர்கள்! பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல்.

இன்னொரு செய்தி, நம் சப்பிரகமுவ வாசிகளுக்கென்றே அமைந்தாற்போன்றது. பாதரசம் கலந்த சில பூச்சுகளின் உறையில், பொன், வெள்ளி, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றிற் படாமல் வைத்துக்கொள்க என்று எழுதியிருக்குமாம். பொன்னுக்கும் இறப்பருக்கும் ஆகாத பொருள் பெண்பிள்ளையின் கன்னத்துக்கு ஆகுமா?

இவற்றைச் சொன்னபோது அவள் வாதிடவில்லை. “கடையில் வாங்கினாற் கடைக்காரரைக் கேட்கலாம், சேர். என்னிடம் வாங்கியவர்கள் எல்லாரும் லயத்து அத்தை, சித்தி, கூடப் படித்தவர்கள். நான் சொன்னேன் என்பதற்காகவே வாங்கினார்கள்” என்றாள். நிறுவனத்தார் விலைபேசியது அந்த உறவைத்தான் என்று எனக்குத் தோன்றிற்று. அதனை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். பின்பு, வெண்மைப் பூச்சு வாங்கியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சென்று திருப்பி வாங்கிவிடலாம் என்று எண்ணம். பதினொரு பெயர்கள் எழுதினாள். முதலாவது, அவளுடைய தாயாரின் பெயர்.