சபர் எப்போது முடிகிறது?



பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வதை நம் கடற்கரை ஊர்களில் ‘சபர் போவது’ என்பர். அவ்வாறு சென்றவர் ‘சபராளி’. சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். பாய்மரக் கப்பலில் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சென்று, சரக்கை விற்று, காற்று திரும்பியதும் ஊர் வந்து சேர்ந்த காலத்தில் அச்சொல் முற்றிலும் பொருந்தியது. இன்று கணவன், மனைவி, மக்கள் எனக் குடும்பமாகக் குடியேறி, இருபது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்து, பிள்ளைகள் அங்கேயே படிப்பையும் முடித்த பின்னரும் அதே சொல் வழங்குகிறது. சொல் வழங்குவதில் குறையொன்றும் இல்லை. அச்சொல்லுக்குரிய மனநிலையும் நீங்காமல் தங்கிவிடுவதே நம் கவலை.

மார்க்கச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. பயணிக்குச் சலுகைகள் உண்டு. நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். ரமளான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஜும்ஆ அவர் மீது கடமை இல்லை. ஆனால் ஓர் ஊரில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, 4 நாட்கள் தங்க நிய்யத்து வைத்துவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அவர் பயணி அல்லர். ஹனஃபி மத்ஹபில் அக்கெடு 15 நாட்கள். இன்றோ நாளையோ காரியம் முடிந்ததும் புறப்படுவோம் எனக் காத்திருப்பவருக்குத் தனிச் சட்டம் உண்டு. வீட்டை வாடகைக்கு எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர் அவ்வகையில் சேரமாட்டார். சலுகைகள் முடிந்தன; உள்ளூர்வாசியின் கடமைகள் தொடங்கின. முடிவு செய்வது நாட்டின் குடிநுழைவு முத்திரை அன்று, நம் நிய்யத்தே.

தொழுகையில் நாம் அனைவரும் இச்சட்டத்தைப் பேணுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். வாழ்க்கையில் பேணுகிறோமா என்பதே வினா. இது துபாய்க்கும் இலண்டனுக்கும் கோலாலம்பூருக்கும் பொருந்தும் எனினும், நம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அங்கு வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் எல்லாமே ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கப்படுகின்றன. பிள்ளைக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பதும், அன்னையின் மூட்டு வலிக்கு மருத்துவம் பார்ப்பதும், மனைவி விட்ட படிப்பைத் தொடர்வதும் ஊருக்கென்றே ஒத்திவைக்கப்படுகின்றன. எதிர்வீட்டுச் சீன முதியவரின் பெயர் தெரியாது. அடுத்த தொகுதியில் இருக்கும் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. கணவருக்கு அலுவலகம் என்றோர் உலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பகல் முழுதும் பன்னிரண்டாம் மாடியில் கைப்பேசித் திரை வழியாக ஊர்ச் செய்தி கேட்டு இருப்பவர் மனைவியே. இந்தப் பயணியின் வாழ்க்கைக்கு முதலில் விலை கொடுப்பவரும் அவரே.

அடுத்து விலை கொடுப்போர் பிள்ளைகள். பெற்றோர்க்கு ஊர் என ஒன்று உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இந்நகரமே ஊர். ‘இது நம் இடமன்று’ என்று வீட்டில் நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, ஆண்டுக்கு ஒருமுறை சென்று காணும் கீழக்கரையிலும் விருந்தாளியாகவே நடத்தப்படுகிறது. இரண்டு ஊரிலும் அந்நியனாக வளர்பவனிடம், எந்தப் பள்ளிவாசலை உன் பள்ளி என்பாய், எந்த மக்களை உன் ஜமாஅத் என்பாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

நமக்கு முன் அங்கு சென்றோர் இப்படி வாழவில்லை. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தது 1819இல். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ சூலியா பள்ளி நிறுவப்பட்டுவிட்டது. மறு ஆண்டே தெலுக் ஆயர் வீதியில் ஓலைக் குடிசையாக எழுந்தது அல்அப்ரார் பள்ளி. குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்றே அதை மக்கள் அழைத்தனர். கட்டியோருள் சிறு வணிகரும் நாணய மாற்றுவோரும் இருந்தனர். பெரும்பாலோரின் மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். தாமும் ஒருநாள் திரும்புவோம் என்றே அவர்களும் எண்ணியிருப்பர். ஆயினும், திரும்பும்வரை தொழ ஓரிடம் வேண்டும் என்று ஓலை வேய்ந்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து நாம் அங்கே ஸஜ்தா செய்கிறோம். பின்னர் தஞ்சோங் பகாரில் குடியேறி உழைத்த கடையநல்லூர் மக்கள், தம் முஸ்லிம் லீக் அமைப்பின் வழியாக 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அப்பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்றும் இயங்குகிறது. இவர்களெல்லாம் சபராளிகள்தாம், தாம் தங்கிய இடத்திற்குக் கடன்பட்டவர்கள் என்பதை உணர்ந்த சபராளிகள்.

இங்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, ‘வேலை அனுமதி இரண்டு ஆண்டுக்குத்தான், புதுப்பிக்கப்படுமா என்பதே தெரியாது, எப்படி வேரூன்றுவது?’ என்பது. அச்சம் நியாயமானது. ஆனால் வேரூன்றுவது என்றால் வீடு வாங்குவதன்று. அண்டை வீட்டாருக்கு ஸலாமோ வணக்கமோ சொல்வதற்கு நிரந்தரவாசத் தகுதி தேவையில்லை. நான்கு நாள் தங்குபவரையே உள்ளூர்வாசியாகக் கொள்ளும் மார்க்கம், இரண்டு ஆண்டைக் குறைவான காலமாகக் கருதுமா?

இரண்டாவது, ‘உலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்குமாறு நபி (ஸல்) அவர்களே அறிவுறுத்தியுள்ளார்களே’ என்பது. ஆம், இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பற்றிச் சொன்ன அறிவுரை அது. அது சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று; காயல்பட்டினத்துக்கும் உரியது. வெளிநாட்டில் வழிப்போக்கனாக வாழ்ந்து, அங்கு ஈட்டியதையெல்லாம் கொண்டு ஊரில் பூட்டிய மாளிகை எழுப்புவோர் அவ்வறிவுரையைப் பின்பற்றுவோர் ஆகார். சுமை குறைவாக இரு என்பதே அதன் பொருள். கடமை குறைவாக இரு என்பதன்று.

மூன்றாவது, ‘பிறந்த ஊரை மறப்பதா?’ என்பது. மறக்க வேண்டியதில்லை. மதீனா வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள், மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் எண்ணி ஏங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடியவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு உவப்பாக்குவாயாக என்ற கருத்தில் துஆ செய்தார்கள். மதீனா வந்ததும் பள்ளிவாசல் எழுந்தது. முஹாஜிர்களும் அன்சாரிகளும் சகோதரர்களாக இணைக்கப்பட்டனர். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் அன்சாரிச் சகோதரர் தர முன்வந்த பாதிச் செல்வத்தை ஏற்காமல், சந்தைக்கு வழி கேட்டார்கள். எட்டாண்டுகள் கழித்து மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தம் பிறந்த ஊரில் 19 நாட்கள் தங்கி, கஸ்ரு செய்து தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பிறந்த மண்ணில் பயணியாகத் தொழுதுவிட்டு, வாழ்ந்த மண்ணுக்கே திரும்பினார்கள். அங்கேயே அடக்கமும் ஆனார்கள்.

எனவே, குடியேறியோர் செய்யத்தக்க சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம்.

அண்டை வீட்டாரை அறிவோம். சிங்கப்பூரில் வசிப்போருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். ஒரே இனத்தவர் ஒரே தொகுதியில் குவிந்துவிடாதபடி 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடைமுறையில் இருக்கிறது. சீனரும் மலாய்க்காரரும் நம் வாசலுக்கு எதிரிலேயே இருக்கின்றனர். அண்டை வீட்டாரின் உரிமையைச் சொல்லும் நபிமொழிகள் இனமோ மொழியோ பார்க்கவில்லை. பெருநாளன்று ஒரு தட்டு பலகாரத்தோடு தொடங்கலாம்.

நோன்பையும் பெருநாளையும் வாழும் ஊரோடு கொள்வோம். தமிழ்நாட்டுப் பிறைக்கும் சிங்கப்பூர் நாட்காட்டிக்கும் பல ஆண்டுகளில் ஒருநாள் வேறுபாடு வருகிறது. உடல் ஓரிடத்திலும் பெருநாள் வேறிடத்திலுமாக இருத்தல் கூடாது. ஃபித்ராவும் அவ்வாறே. ரமளானின் கடைசி மாலை எங்கு அடைகிறோமோ அவ்வூர் ஏழைகளுக்குரியது அது. ஊரில் உள்ள உறவினர்க்கு ஸதகா அனுப்பத் தடையில்லை. இங்குள்ளோரின் பங்கைக் குறைத்து அனுப்புவதே முறையன்று.

தனியே வாழும் நம் தொழிலாளர்களை எண்ணுவோம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்ச் சகோதரர்கள், குடும்பத்தை அழைத்துவர அனுமதியின்றித் தங்குவிடுதிகளில் வாழ்கின்றனர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவர், ஸலாம் கொடுத்ததும் நமக்குத் தெரியாதவராகிவிடுகிறார். உண்மையான சபராளி அவரே. வீடும் அடுப்பும் உள்ள நாம் அவருக்கு அன்சாரிகளாக இருக்க வேண்டாமா? மாதம் ஒரு ஞாயிறு ஒருவருக்கு வீட்டுச் சோறு இடுவது எவர்க்கும் இயலும்.

பள்ளிவாசலோடு பிணைவோம். அந்நாட்டில் 70க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் உள்ளன. 1975இல் தொடங்கிய கட்டட நிதிக்கு முஸ்லிம் ஊழியர்களின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சேர்ந்த சிறு தொகைகளே புதுநகரங்களில் பள்ளிகளை எழுப்பின. பணம் கொடுத்துவிட்டு ஆள் விலகி நிற்பது ஏன்? மலாய் மொழி தெரியவில்லை என்பது முதல் ஆண்டுக்குரிய காரணம், பத்தாம் ஆண்டுக்குரியதன்று. ரமளானில் கஞ்சி கிண்டவும் பங்கிடவும் கை தேவைப்படுகிறது. கைக்கு மொழி வேண்டியதில்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. மௌத்து நம் பயணச்சீட்டைப் பார்த்து வருவதில்லை. மையித்தை இறந்த ஊரிலேயே தாமதமின்றி அடக்குவதே சிறந்தது. அன்று குளிப்பாட்டவும் கஃபனிடவும் தோள் கொடுக்கவும் வருபவர் நம் அண்டைவாசிகளும் அந்தப் பள்ளியின் ஜமாஅத்தாருமே. நிலம் குறைந்த சிங்கப்பூரில் மையவாடியின் தவணையே 15 ஆண்டுகள்தாம். சுவா சூ காங்கில் அடங்கியோரின் எலும்புகள் அதன்பின் எடுக்கப்பட்டு, மார்க்க முறைப்படி வேறு கப்ரில் பிறருடையவற்றோடு சேர்த்து மீண்டும் அடக்கம் செய்யப்படுகின்றன. கப்ரிலும் அண்டைவாசிகளோடு இருக்கப்போகிறவர்கள், உயிரோடிருக்கையில் அவர்களை அறிந்துகொள்ளக் கூடாதா?

இனி, பயணம். குடியமர்ந்தவருக்கே பயணம் பயணமாகிறது. சிங்கப்பூர்த் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உள்ளே எங்கு சென்றாலும் கஸ்ரு இல்லை. பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்குக் கடைவீதி சுற்றச் செல்வோருக்கும் இல்லை. பெரும்பாலான அறிஞர்கள் வகுத்த தொலைவு 80 கிலோமீட்டருக்கும் மேல். சாலைவழி ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் உள்ள மலாக்காவுக்குச் சென்றால் உண்டு. பள்ளி விடுமுறைகளுள் ஒன்றை ஊருக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளியில் கஸ்ரும் ஜம்உம் செய்து தொழச் சொல்லுங்கள். இயன்றால் பினாங்கு சென்று, 1801இல் காதர் முகைதீன் தலைமையில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளியையும் காட்டுங்கள். நம்மைப் போல வந்தவர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்று பிள்ளைகள் கண்ணால் காண்பது நன்று. வீடு திரும்பிய அன்று முழுமையாக நான்கு ரக்அத் தொழும்போது, தம் ஊர் எது என்பது அவர்களுக்கே விளங்கும்.

எத்தனை ஆண்டு தங்குவோம் என்பது அல்லாஹ்வின் கையில். தங்கும் நாளில் எப்படி வாழ்வோம் என்பதற்கு நாமே பதில் சொல்ல வேண்டியவர்கள். இந்த வாரம் எதிர்வீட்டாரின் பெயரைக் கேட்டறிவோம். அருகிலுள்ள பள்ளிவாசலின் அலுவலகத்துக்குள் ஒருமுறை சென்று, என்ன பணி இருக்கிறது என்று விசாரிப்போம்.

யா அல்லாஹ்! நாங்கள் பிறந்த ஊர்களில் பரக்கத் செய்வாயாக. நாங்கள் வாழும் ஊர்களை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் உவப்பாக்குவாயாக. அவ்வூர் மக்களுக்கு எங்களைப் பயனுள்ளவர்களாக ஆக்குவாயாக. ஆமீன்.