கம்பெனி பஸ்ஸில் குழந்தைக்கு இடமில்லை

பேர்ணாம்பட்டு, மாதனூர், ஆலங்காயம், ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் காலை ஏழு மணி என்பது கம்பெனி பஸ் வரும் நேரம். ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, டப்பா கட்டிக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ ராணிப்பேட்டைக்கோ போகிறது. ஏறுகிறவர்களில் பலர் கைக்குழந்தைக்கும், நடக்கப் பழகும் குழந்தைக்கும் தாய்மார். ஆனால் யார் இடுப்பிலும் குழந்தை இல்லை.

அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்ற கேள்வியைத்தான் இந்தத் தோல் தொழில் வட்டாரம் இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் விட்டிருக்கிறது.

தோல் ஒரு காலத்தில் ஆண்களின் தொழில். சுண்ணாம்புக் குழியில் இறங்குவதும் தொட்டியில் தோலைப் புரட்டுவதும் அவர்கள் வேலை. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பது அதன் நோக்கம். அதன் பிறகு பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பக்கத்திலேயே ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும் கம்பெனிகளும், முழு ஷூ செய்யும் கம்பெனிகளும் எழுந்தன. தையல் மெஷின்கள் வரிசையாக வந்தன. அவற்றின் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இன்று நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆம்பூர் வட்டாரத்துக்கு அதில் நல்ல பங்கு உண்டு. வேலைக்கு எடுப்பது இளம் பெண்களை. கல்யாணமும் பிரசவமும் வரும் வயது அதுதான்.

சட்டம் இந்தத் தாயை மறந்துவிடவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, கம்பெனி கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குக் குழந்தை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், நாலு மாதத்துக்குச் சற்றே கூடுதல். தமிழ்நாட்டில் பால்வாடியில், அதாவது அங்கன்வாடியில், குழந்தையைச் சேர்ப்பது இரண்டு வயதில். நாலாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அந்தக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பால்வாடியில் இடம் இல்லை. குழந்தை குப்புற விழுவதும், தவழ்வதும், நிற்பதும், முதல் சொல் பேசுவதும் இந்த இடைவெளியில்தான்.

இரண்டு வயது ஆனாலும் தொல்லை தீர்வதில்லை. பால்வாடி திறப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விடுகிறது. பிற்பகலில் பால்வாடி மூடும்போது அம்மா இன்னும் மெஷினில்தான் இருக்கிறாள். பஸ் அவளை ஊரில் இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

பால் கொடுக்கும் தாய்க்குச் சட்டம் இன்னொரு உரிமையும் தருகிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை. காகிதத்தில் இது 1961இலிருந்து இருக்கிறது. இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்தில் இருக்கும் குழந்தைக்கு இந்த இடைவேளையில் எப்படிப் பால் கொடுப்பது? விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரங்களில் பதினோரு மணிவாக்கில் மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாகும், ரவிக்கை நனையும். கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார வேண்டும். அதற்குள் முன்மேசையிலிருந்து வந்த ஜோடிகள் குவிந்திருக்கும், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு வயது வரை தாய்ப்பால் கொடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறோம். அதே தாயின் பால் தொழிற்சாலைக் கழிவறையில் வடிந்து போகிறது.

தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, பின்னால் செய்த திருத்தத்தோடு, இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், ஆண் பெண் சேர்த்து ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. கம்பெனிகளில் தொட்டிலும் பொம்மையும் வைத்த அறைகள் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கும், ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் தணிக்கையாளருக்கும் அவற்றைக் காட்டுகிறார்கள். சில இடங்களில் அக்கறையோடு நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தொட்டில்கள் பெரும்பாலும் காலி. தாய்மாருக்கு அது தேவைப்படவில்லை என்று நிர்வாகம் எண்ணிக்கொள்வது எளிது.

கூட்டம் நெரியும் பஸ்ஸில், காலைப் பனியில், ஆறு மாதக் குழந்தையை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வர எந்தத் தாய்க்கும் மனம் வராது. காப்பகம் இருப்பது கம்பெனி வாசலுக்குள். குழந்தை இருப்பது ஊரில். இரண்டுக்கும் நடுவில் ஓடும் பஸ்ஸைப் பற்றி எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை.

எனவே எல்லாப் பாரமும் குழந்தையின் பாட்டி மேல் விழுகிறது. இந்தப் பகுதியில் அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் பெரும்பாலும் ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரும் நூறு நாள் வேலைக்கோ, நிலத்தில் களையெடுக்கவோ போகிறவர்தான். பேரனுக்காக அவர் வேலையை விட்டால், ஒரு கூலி வீட்டுக்கு வரும்போது இன்னொரு கூலி நின்றுபோகிறது. பாட்டியும் இல்லாத வீட்டில் பத்து வயது அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய பள்ளி வருகைப் பதிவேட்டில்தான் இதன் விலை எழுதப்படுகிறது. இது எதுவும் ஒத்துவராதபோது தாய் வேலையை விடுகிறாள். ஐந்து வருடம் முடியாமல் விடுகிறவளுக்குப் பணிக்கொடையும் கிடைக்காது.

குழந்தையின் அப்பா இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள்; ஆண் 88 நிமிடம். டேனரியில் வேலை செய்யும் ஆணுக்கும் குழந்தை இருக்கிறது. அவருடைய கம்பெனியும் காப்பகத்துக்குப் பணம் கட்டத்தான் வேண்டும்.

வேலையை விட்ட தாய் சும்மா இருப்பதில்லை. கைத்தையல் வேலை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஏஜென்ட் பையில் அப்பர்களைக் கொண்டுவந்து போடுவார். தடித்த ஊசியும் மெழுகு நூலுமாகத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சம்பாதிக்கலாம் என்பதுதான் இந்த வேலைக்கு வரும் பெண்கள் சொல்லும் முதல் காரணம். 2016இல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைடு, லேபர் பிஹைண்டு தி லேபிள் ஆகிய பிரிட்டன் அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் ஆம்பூர் வட்டாரத்து வீட்டுத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி பத்து பென்ஸுக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்கூட இல்லை. அந்த ஷூ பிரிட்டன் கடைகளில் நாற்பது முதல் நூறு பவுண்டு வரை விற்றது. வேலை ஒப்பந்தம் கிடையாது, பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. அவள் தைத்த ஷூ எந்தக் கம்பெனியுடையது என்பதற்கு அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வீட்டுக்குள் ஊசியும் கத்தரியும் நடக்கப் பழகும் குழந்தையும் ஒரே பாயில் இருப்பதை யாரும் பாதுகாப்பான குழந்தை வளர்ப்பு என்று சொல்ல முடியாது.

இதை மாற்ற வழியில்லை என்பவர்கள் அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பார்க்க வேண்டும். வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களும் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்தான். 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளர் என்றே சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புகையிலைத் தூள் பறக்கும் வீட்டில் குழந்தை வளர்வது நல்லதல்ல; பீடி வேலையைப் புகழ்வதற்கில்லை. ஆனால் பீடி சுற்றும் தாய்க்குத் தொழிலாளர் அடையாள அட்டை உண்டு, அப்பர் தைக்கும் தாய்க்கு இல்லை என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது. தோல் பொருள் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியமே இருக்கிறது. கைத்தையல் பெண்களை அதில் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்வது அரசால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை.

கம்பெனிகளுக்கு வருவோம். ஊர் ஊராகக் காப்பகம் நடத்த ஒரு தனிக் கம்பெனியால் முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலுக்குப் பொதுவில் பணம் போட்டுப் பொதுவில் நடத்தத் தெரியும். டேனரிக் கழிவுநீரால் பாலாறு கெட்டுப்போனதற்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. வாணிடெக், ஆம்பூர்டெக், ராணிடெக் என்று டேனரிகள் பங்கு போட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசு மானியத்தோடு வந்தன. அவற்றின் குறைகள் தனிக்கதை. கழிவுநீருக்குக் கூடிப் பங்கு போட முடிந்தவர்களால் குழந்தைகளுக்காகவும் போட முடியும்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 2018இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டு நெறிகள், காப்பகம் வேலை இடத்துக்கு அருகிலோ தாய்மார் குடியிருக்கும் பகுதியிலோ 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும், அரசோ நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்தவும் இடம் தருகிறது. புதிய சட்டத் தொகுப்புகளின் வேறு பல பிரிவுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதில் நியாயம் உண்டு. இந்தப் பிரிவைப் பற்றிக்கொள்வதிலும் நியாயம் உண்டு. பால்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்த மத்திய அரசின் 'பால்னா' திட்டமும் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கானது அது.

அங்கன்வாடி என்ற ஏற்பாட்டுக்கு வித்திட்டது 1972இல் அறிக்கை கொடுத்த மீனா சுவாமிநாதன் குழு. பின்னாளில் சென்னையில் வாழ்ந்த அவர், உழைக்கும் தாய்க்குப் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர். 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் இடம்பிடித்தன. தாயின் வேலை நேரம் மட்டும் விட்டுப்போயிற்று.

தமிழ்நாடு அரசுக்குத் தாயின் காலை நேரம் தெரியாததல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. விடியலில் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஆம்பூர்ப் பக்கம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்கறை பள்ளியில் சேர்ந்த குழந்தையோடு நின்றுவிடாமல் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் வர வேண்டும்.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்கிறது. 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு; பெரும்பாலானவர்கள் பெண்களாக இருப்பார்கள். இதே மாதிரி தைவான் காலணி ஆலை செய்யாற்றில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. நிலம், மின்சாரம், தண்ணீர், மானியம் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் இடம் ஒதுக்கும் அரசு, காப்பகத்துக்கும் ஒதுக்கலாம். எந்தெந்த ஊரிலிருந்து பஸ் கிளம்பும் என்று கம்பெனி பட்டியல் போடும்போதே, அந்தந்த ஊர்ப் பால்வாடியில் காலை ஆறரைக்குத் திறந்து மாலை ஏழு வரை நடக்கும் காப்பகத்துக்கு இரண்டு பணியாளர்களின் சம்பளத்தையும் பாலுக்கும் சத்துணவுக்கும் ஆகும் செலவையும் அதே பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக் கம்பெனிகளிடமும் பஸ் போகும் ஊர்களின் பட்டியல் இருக்கிறது. திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எந்த ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகள் இருக்கின்றன என்ற பால்வாடிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முதல் காப்பகத்தை எங்கே திறப்பது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.